சிரிப்பும் இரத்தமும்: 'பொனி அன்ட் கிளைட்' படமும் அதன் பார்வையாளர் கருத்துக்களும்

ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பார்வையாளர் கூறும் கருத்து அப்படத்தின் தரத்தை உரைப்பதோடு நின்றுவிடுவதில்லை. கருத்துரைப்போர் தாம் எத்தகைய பார்வையாளர் என்பதனையும் அது உடன் உரைத்துவிடுகின்றது. குற்றத்தையும் கொலையையும் கலையழகோடு காட்டும் படங்களைப் பற்றிய கருத்துக்களில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். 'இத்தனை இரத்தம் எதற்கு?' என்று ஒரு சாரார் வினவுவர். 'என்ன படப்பிடிப்பு! என்ன படத்தொகுப்பு!' என்று மற்றொரு சாரார் வியப்பர். முன்னையவர் உள்ளடக்கத்தை மட்டும் பேச, பின்னையவர் உருவத்தை மட்டும் பேசுவர். இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தனரா என்ற ஐயமே கேட்போர்க்கு எஞ்சும். உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதம் ஈழத்துத் தமிழ் விமர்சனத்திற்குப் புதியதன்று. எனினும் கவிதையையும் நாவலையும் குறித்து நாம் கேட்டுப் பழகிய அவ்வினாக்களைத் திரைப்படத்தை நோக்கிக் கேட்கும் வழக்கம் நம்மிடையே போதிய அளவு வளரவில்லை.

இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்கு 1967 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான 'பொனி அன்ட் கிளைட்' என்னும் திரைப்படம் நல்லதொரு வாய்ப்பினை அளிக்கின்றது. வன்முறையை அழகுணர்வோடு காட்டிய படங்கள் அதற்கு முன்னரும் உண்டு, பின்னரும் உண்டு. ஆனால் ஒரு படத்தைப் பற்றிய கருத்துக்கள் சில மாத காலத்துள் எதிர்மறையிலிருந்து உடன்பாட்டுக்கு, அதுவும் பத்திரிகைகளின் பக்கங்களிலே எல்லோரும் காணும்படியாக, மாறியமை அரிதான நிகழ்ச்சியாகும். அக்கருத்துக்களை ஒப்புநோக்கி, அவற்றுள் எது படத்தைக் கண்டது, எது காணத் தவறியது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாறும் படமும்

பொனி பார்க்கர், கிளைட் பாரோ ஆகிய இருவரும் வரலாற்று மாந்தர். பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய காலத்தில், 1932 முதல் 1934 வரை, ரெக்சாஸ் மாநிலத்திலும் அதனை அண்டிய மாநிலங்களிலும் கொள்ளையிலும் கொலையிலும் ஈடுபட்டவர்கள். அவர்களுடைய குழுவினராற் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 13 பேர் எனக் கணிப்பர்; அவருட் பெரும்பாலோர் பொலிசார். 1934 மே 23 அன்று லூசியானா மாநிலத்தின் நாட்டுப்புறச் சாலையொன்றில் மறைந்திருந்த அதிகாரிகள் சுட்டதில் இருவரும் இறந்தனர். அப்போது பொனிக்கு வயது 23, கிளைட்டுக்கு வயது 25.

இக்கதையைத் திரைக்கதையாக எழுதிய டேவிட் நியூமன், றொபேட் பென்ரன் ஆகிய இருவரும் 'எஸ்குவயர்' சஞ்சிகையிற் பணியாற்றியவர்கள். பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களில் மனம் பறிகொடுத்தவர்கள். படத்தை இயக்கித் தருமாறு முதலிற் பிரெஞ்சு நெறியாளர் துருஃபோவையே அவர்கள் நாடினர். இறுதியில் தயாரிப்பை வொறன் பீற்றியும் நெறியாள்கையை ஆதர் பென்னும் ஏற்றனர். கிளைட்டாகப் பீற்றியும் பொனியாக ஃபே டனவேயும் நடித்தனர். படத்தொகுப்பு டீடீ அலனுடையது. 1967 ஓகஸ்டில் மொன்றியல் திரைப்பட விழாவில் முதலிற் காட்டப்பட்டு, அம்மாதத்திலேயே நியூயோர்க்கில் அது திரையிடப்பட்டது.

ஹொலிவூட்டில் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு ஒழுக்கக்கோவை குற்றம், கொலை, காமம் ஆகியவற்றைக் காட்டும் முறைக்கு வரம்பு கட்டியிருந்தது. சுடப்பட்டவன் மார்பைப் பற்றிக்கொண்டு சாய்வான். இரத்தம் பெரும்பாலும் தெரியாது. சாவு என்பது ஒரு பாத்திரம் கதையை விட்டு நீங்குவதற்குரிய குறியீடாகவே அமைந்தது. 1967 இல் அக்கோவை வலுவிழந்திருந்தது. 1968 நவம்பரில் வயதுக்கேற்ப படங்களைத் தரம்பிரிக்கும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. இவ்விடைக்காலத்தில் வெளிவந்த 'பொனி அன்ட் கிளைட்' துப்பாக்கியையும் அதனால் உடைபடும் உடலையும் நேர்முகமாகக் காட்டியது. அதனினும் முக்கியமாக, அக்காட்சிகளை நகைச்சுவைக் காட்சிகளின் அருகிலே வைத்தது. விவாதம் மூண்டது இவ்விடத்திலேயே.

மூவர் கருத்து

அன்று எழுந்த பல கருத்துக்களுள் மூவருடையவை ஆராயத்தக்கவை.

முதலாமவர் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையின் போஸ்லி குறௌதர். 1940 முதல் அப்பத்திரிகையின் தலைமைத் திரைப்பட விமர்சகராக விளங்கிய அவரது சொல்லுக்கு அமெரிக்காவில் பெருமதிப்பு இருந்தது. ஓகஸ்ட் 14 ஆந் திகதி வெளியான அவரது விமர்சனம் படத்தை முற்றாக நிராகரித்தது. இழிந்த கொலைகாரர் இருவரின் செயல்களை இப்படம் மலிவான கோமாளிக் கூத்தாக ஆக்கிவிட்டது என்பதும், வரலாற்றைத் திரித்துள்ளது என்பதும், கேலியையும் கொடூரமான கொலையையும் கலந்தமை சுவையற்ற செயல் என்பதும் அவர் கண்டனத்தின் சாரமாகும். வாசகர் பலர் படத்தை ஆதரித்துக் கடிதம் எழுதினர். அவரோ தம் நிலையிலிருந்து அசையாது மீண்டும் தாக்கி எழுதினார். குறௌதரைப் பிற்போக்குவாதி என ஒதுக்குவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. திரைப்படத் தணிக்கையை எதிர்த்தும் இத்தாலிய நவயதார்த்தப் படங்களை வரவேற்றும் எழுதியவர் அவர். படத்தின் சிரிப்பு அவருக்குச் சாவை அவமதிப்பதாகத் தோன்றியது. அக்கவலை மதிப்புக்குரியது.

இரண்டாமவர் 'நியூஸ்வீக்' சஞ்சிகையின் யோசப் மோர்கன்ஸ்ரேன். அவரும் முதலில் படத்தை இகழ்ந்தே எழுதினார். பின்னர், கட்டணம் செலுத்தி வந்த பொதுமக்களோடு திரையரங்கில் அமர்ந்து மீண்டுமொரு முறை பார்த்தார். அடுத்த வாரமே தமது முதல் விமர்சனம் நியாயமற்றது என அதே சஞ்சிகையில் எழுதினார். விமர்சகர் தம் கருத்தைத் திருத்திக்கொள்வது அருமை. ஒரு வார காலத்துள், அச்சில், அதனைச் செய்வது அதனினும் அருமை. அவரை மாற்றிய காரணமே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது. படம் மாறவில்லை, சுற்றியிருந்தோர் மாறினர். பிறர் சிரித்ததையும் அச்சிரிப்பு அறுபட்டதையும் அவர் அரங்கிலே கேட்டார்.

மூன்றாமவர் போலின் கேல். 'நியூ றிபப்ளிக்' சஞ்சிகைக்கென அவர் எழுதிய நீண்ட கட்டுரை அங்கு ஏற்கப்படாமற் போக, 1967 ஒக்ரோபரில் 'நியூயோர்க்கர்' அதனை வெளியிட்டது. மறு ஆண்டில் அவர் அச்சஞ்சிகையின் நிரந்தர விமர்சகரானார். பார்வையாளரைச் சிரிக்கவைத்து, அச்சிரிப்பின் நடுவிலேயே அவர்களைத் திடுக்கிடச் செய்வதுதான் இப்படத்தின் கலை என்பது அவர் வாதம். இரத்தமின்றிச் சாய்ந்து கிடந்த பழைய படங்களின் சாவுக்கு இப்படம் வலியை மீட்டுத் தந்தது என்றார். குற்றவாளியோடு நம்மை ஒன்றச் செய்யும் படம் நம்மைக் குற்றவாளிகளாக்கிவிடும் என்ற அச்சத்தையும் அவர் மறுத்தார். ஃபிரிட்ஸ் லாங், நிக்கொலஸ் றே போன்றோர் இதே வகைக் கதையை முன்னர்ப் படமாக்கியிருந்தமையைச் சுட்டி, காலந்தோறும் அக்கதை எவ்வாறு வேறு பொருள் பெற்றது என்பதையும் விளக்கினார்.

இதன் பின்னர் காற்று திசைமாறியது. முதலில் படத்தை அலட்சியம் செய்த 'ரைம்' சஞ்சிகை 1967 டிசெம்பரில் அதனையே அட்டைப்படக் கட்டுரையாக்கி, புதிய சினிமாவின் அடையாளமெனப் போற்றியது. இலண்டனில் படம் பெருவெற்றி பெற்றது. பொனியின் தொப்பி இளம் பெண்களின் நாகரிகமாயிற்று. பத்து ஒஸ்கார் விருதுகளுக்கு முன்மொழியப்பட்டு, துணை நடிகைக்கும் ஒளிப்பதிவுக்குமாக இரண்டை வென்றது. 1968 இன் தொடக்கத்தில் 'நியூயோர்க் ரைம்ஸ்' விமர்சகர் பதவியில் குறௌதருக்குப் பதிலாக வேறொருவர் அமர்ந்தார். வரலாறு கேலின் பக்கம் தீர்ப்பளித்தது எனப் பலரும் இன்று எழுதுவர். அத்தீர்ப்பு முழுமையானதா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

நகையும் அச்சமும்

மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் எட்டாக வகுத்தார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சுவைக்கப்படும் பொருள் வேறு, அதனை நுகரும் பொறியுணர்வு வேறு, அதனால் உள்ளத்தில் எழும் குறிப்பு வேறு, அக்குறிப்பு உடலிற் புறப்பட்டுத் தோன்றும் நிலை வேறு என உரையாசிரியர் மேலும் பகுத்துணர்த்தினர். செய்யுளுக்கும் நாடகத்துக்கும் கூறப்பட்ட இப்பகுப்பு இத்திரைப்பட விவாதத்தைத் தெளிவுபடுத்தவும் பயன்படும். திரையிலே நிகழ்வது கொலை; அரங்கிலே எழுவது சிரிப்பு. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவைப் படம் எவ்வாறு கையாள்கின்றது என்பதே கேள்வி.

படத்தின் திருப்புமுனையான ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பொனியும் கிளைட்டும் வங்கியொன்றைக் கொள்ளையிட உள்ளே செல்கின்றனர். வெளியே வண்டியுடன் காத்திருக்க வேண்டிய சி. டபிள்யூ. மொஸ் என்ற பேதை இளைஞன், ஓர் இடைவெளி காலியாகக் கண்டதும் வண்டியை ஒழுங்காக அங்கே நிறுத்திவிடுகின்றான். கொள்ளையர் பணப்பையோடு ஓடிவந்து வண்டியைத் தேடுகின்றனர். முன்னும் பின்னும் நிற்கும் வண்டிகளில் மோதி மோதி அவன் வெளியேற முயல்கின்றான். அரங்கு சிரிக்கின்றது, சிரிக்கும்படியாகவே காட்சி அமைக்கப்பட்டுள்ளது. அவ்வேளை வங்கியின் முதிய அலுவலர் ஒருவர் ஓடும் வண்டியின் படியில் ஏறித் தொற்றிக்கொள்கின்றார். கிளைட் சுடுகின்றான். கண்ணாடியின் மறுபுறத்தில் அம்முதியவரின் முகம் இரத்தமாகின்றது. ஐசென்ஸ்ரைனின் 'போர்க்கப்பல் பொற்றெம்கின்' படத்தில் ஒடெசாப் படிக்கட்டில் முகம் சிதைந்த மூதாட்டியை நினைவூட்டும் படிமம் அது.

இங்கு நகை அச்சமாகவும் இளிவரலாகவும் மாறுவதற்கு ஒரு கணமும் இடைவெளி தரப்படவில்லை. சிரித்த வாய் மூடுவதற்கு முன்னரே குண்டு பாய்ந்துவிடுகின்றது. சிரிப்பும் கொலையும் ஒரே காட்சியிற் கலந்தமை குறௌதருக்குச் சுவைக்கேடாகப் பட்டது. ஆனால் அக்கலப்பு அக்கறையின்மையால் நேர்ந்ததன்று. வண்டியை நிறுத்திய மடமையே முதியவர் வந்து தொற்றுவதற்கு வேண்டிய நேரத்தைத் தந்தது. எந்த மடமைக்காக நாம் சிரித்தோமோ அதே மடமைதான் அவரைக் கொன்றது. ஆகவே அக்கொலையில் நமது சிரிப்புக்கும் ஒரு பங்கு வந்துவிடுகின்றது. மோர்கன்ஸ்ரேன் அரங்கிலே உணர்ந்ததும் கேல் கட்டுரையிலே நிறுவியதும் இதனையே. இவ்வகையில் உருவம் இங்கு உள்ளடக்கத்தின் அணிகலனாக நிற்கவில்லை. உள்ளடக்கத்தை ஆக்குவதே அதுதான். 'நல்ல படத்தொகுப்பு' என்று மட்டும் பாராட்டுவோரும் 'தேவையற்ற வன்முறை' என்று மட்டும் கண்டிப்போரும் காணத் தவறுவது இத்தொடர்பையே.

அடுத்த காட்சி இன்னும் நுட்பமானது. கொலை செய்த மூவரும் ஒரு திரையரங்கில் ஒளிந்திருக்கின்றனர். திரையில் 'கோல்ட் டிகேர்ஸ் ஒஃப் 1933' என்னும் இசைப்படம். நாணயங்களை உடையாக அணிந்த நங்கையர் செல்வச் செழிப்பைப் பாடி ஆடுகின்றனர். கிளைட் மொஸ்ஸைச் சீறி மிரட்டுகின்றான். பொனியோ படத்தில் ஆழ்ந்து, பேச்சை நிறுத்துமாறு கூறுகின்றாள். சற்று முன்னர் ஒரு மனிதர் இறந்தார். அவள் இப்போது ஒரு பார்வையாளர். அவளைப் பார்க்கும் நாமும் பார்வையாளரே. திரையின் பகட்டு ஒரு சாவை எத்தனை விரைவாக மறக்கச் செய்யும் என்பதைப் படம் இங்கு தன் சாதனத்தின் மீதே கூறிக்கொள்கின்றது.

பார்வையாளரைப் பற்றிய படம்

உண்மையில் இப்படம் முழுவதும் பார்க்கப்படுதல் பற்றியதே. தொடக்கத்திற் பழைய நிழற்படங்கள் கமராவின் ஓசையோடு ஒவ்வொன்றாகத் தோன்றி மறைகின்றன. கொள்ளையர் தம்மைத் தாமே படம் எடுத்துக்கொள்கின்றனர். கொள்ளையிடப்பட்ட வங்கியின் அலுவலர்களும் பத்திரிகைக் கமராவின் முன் பெருமையோடு நிற்கின்றனர். பொனி எழுதிய கதைப்பாடல் பத்திரிகையில் வெளிவந்ததைக் கேட்டுக் கிளைட் அடையும் மகிழ்ச்சி, தான் ஒரு மனிதனாகக் கணிக்கப்பட்டுவிட்டேன் என்ற மகிழ்ச்சியாகும்.

இவை கற்பனை மாத்திரமன்று. 1933 ஏப்ரலில் மிசூரி மாநிலத்தின் ஜொப்ளின் நகரில் பொலிசாரிடமிருந்து தப்பி ஓடியபோது அவர்கள் விட்டுச்சென்ற படச்சுருள்களிலிருந்த நிழற்படங்கள் பத்திரிகைகளில் வெளியாகியே அவர்களை நாடறியச் செய்தன. பொனியின் பாடலும் பத்திரிகைகளில் வந்தது. அவர்கள் இறந்த பின்னர் வண்டியைச் சூழ்ந்த கூட்டம் நினைவுப் பொருள்களுக்காக முண்டியடித்தது. சவ அடக்கத்துக்கும் பெருந்திரளானோர் கூடினர். வன்முறையை வேடிக்கையாக்கும் பார்வையாளரை ஹொலிவூட் 1967 இற் புதிதாகப் படைக்கவில்லை. அவர் 1934 இலேயே இருந்தார். இதனைப் படம் அறிந்திருந்தது. அதனைக் கண்டித்தோர் அறிந்திருக்கவில்லை.

காலச் சூழலையும் இங்கு சுருக்கமாகக் குறிப்பிடுதல் வேண்டும். 1967 யூலையில் நியூவார்க், டெற்றோயிற் நகரங்கள் கலவரத்தில் எரிந்தன. வியற்நாம் யுத்தம் ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சி வழியாக அமெரிக்க வீடுகளுள் நுழைந்தது. அத்தகைய பார்வையாளருக்கு இரத்தமற்ற சாவு என்பது பொய்யாகவே தோன்றியிருக்கும். இறுதிக் காட்சியில் கிளைட்டின் தலையிலிருந்து ஒரு துண்டு பறப்பதாக அமைத்தபோது 1963 இற் சுடப்பட்ட சனாதிபதி கென்னடியை நினைந்ததாக ஆதர் பென் பின்னர்க் கூறினார். இளைஞர் இப்படத்தை ஏற்றதற்கும் மூத்தோர் அஞ்சியதற்கும் இச்சூழலே பெரிதும் காரணமாகும்.

சாவின் பங்கீடு

இதுவரை கூறியவற்றாற் கேலின் கருத்தே வலுப்பெறுகின்றது. ஆயினும் அவர் கருத்து முழுப் படத்துக்கும் பொருந்துமா எனப் பார்த்தல் வேண்டும். சாவுக்கு வலியை மீட்டுத் தந்தது இப்படம் என்பர். எவருடைய சாவுக்கு?

இறுதிக் காட்சியை நோக்குவோம். சாலையோரப் புதரிலிருந்து பறவைகள் எழுந்து பறக்கின்றன. பொனியும் கிளைட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் ஒரு கணம். பின்னர்த் துப்பாக்கிகள் முழங்குகின்றன. வெவ்வேறு வேகத்தில் இயங்கிய பல கமராக்களால் எடுக்கப்பட்ட துண்டுகளை அலனின் படத்தொகுப்பு இணைக்கின்றது. உடல்கள் ஒருபோது துள்ளுகின்றன. ஒருபோது மெல்ல, நடனத்தைப் போலச் சுழல்கின்றன. ஓசை ஓய்ந்ததும் சுட்டோர் மெல்ல அருகே வருகின்றனர், எவரும் எதுவும் பேசவில்லை, படம் முடிந்துவிடுகின்றது. திரைப்பட வரலாற்றில் இத்துணை அழகாகக் காட்டப்பட்ட சாவுகள் மிகச் சில. பார்வையாளர் உள்ளத்தில் அழுகையும் மருட்கையும் ஒருங்கே எழுகின்றன. கிளைட்டின் தமையன் பக்கின் சாவும் நீண்டது. அவன் மனைவி பிளாஞ்சின் ஓலம் காதை விட்டு அகலாதது.

இவற்றோடு பொலிசாரின் சாவுகளை ஒப்பிடுக. அவர்கள் தொலைவிலே, பெயரின்றி, பெரும்பாலும் முகமுமின்றி வீழ்கின்றனர். மெல்லசைவு அவர்களுக்கு இல்லை. அவர்களுக்காக ஓலமிட எவரும் திரைக்கு வருவதில்லை. வங்கியின் முதியவருக்கு மட்டும் ஒரு முகம், ஒரு கணம் கிடைத்தது. அவருக்கும் அக்கணத்தின் பின் தொடர்ச்சியில்லை. வரலாற்றை நோக்கினால் இவ்விடைவெளி பெரிதாகின்றது. 1934 ஏப்ரல் 1 ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ரெக்சாசின் கிரேப்வைன் அருகே இரு நெடுஞ்சாலைக் காவலர் கொல்லப்பட்டனர். அவருள் இளையவருக்கு மணம் நிச்சயமாகியிருந்தது. மணமகளாக வேண்டியவள் திருமண ஆடையுடன் இறுதிச் சடங்குக்கு வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதுவரை அனுதாபம் காட்டிய பொதுமக்களிற் பலர் மனம் மாறியது அந்நிகழ்ச்சியின் பின்னரே. படத்தில் அதற்கு இடமில்லை. அதற்குப் பதிலாக, அதிகாரி பிராங் ஹேமரைக் கொள்ளையர் பிடித்து அவமதித்ததாகவும் அவர் பழிதீர்க்கவே அவர்களைக் கொன்றதாகவும் ஒரு கற்பனைக் காட்சி புகுத்தப்பட்டது. உண்மையில் ஹேமர் அவர்களிடம் அகப்பட்டதே இல்லை. அவர் குடும்பத்தார் வழக்குத் தொடர்ந்து, 1971 இல் அது இணக்கமாகத் தீர்க்கப்பட்டது.

வர்க்க நோக்கிலும் இதே இடைவெளி புலப்படும். வங்கியால் வீடிழந்த விவசாயி ஒருவரிடம் கிளைட் தன் துப்பாக்கியைக் கொடுக்க, அவரும் அவரோடு உழைத்த கறுப்பினத்தவரும் வங்கியின் அறிவிப்புப் பலகையை நோக்கிச் சுடும் காட்சி உணர்ச்சிமிக்கது. மந்தத்தின் கொடுமையை அது ஒரு நிமிடத்துள் உணர்த்திவிடுகின்றது. ஆனால் உண்மையான பாரோ குழுவினர் பெரும்பாலும் கொள்ளையிட்டவை சிறு கடைகளும் பெற்றோல் நிலையங்களுமேயாம். அவர்களால் இறந்தோரும் சம்பளத்துக்கு உழைத்தவர்களே. சுரண்டலுக்கு எதிரான கோபத்தை முன்பாதியில் எழுப்பிய படம், அக்கோபம் இறுதியில் எவர் மேற் பாய்ந்தது என்பதைக் கேளாமலே கடந்துவிடுகின்றது.

கதை எவருடைய கண்ணோட்டத்திற் செல்கின்றதோ அவருடைய சாவே பெரிதாகத் தெரியும். இது எல்லாக் கதைக்கும் பொது என்று இதற்கு விடை கூறலாம். அவ்விடை ஓரளவு ஏற்கத்தக்கதே. ஆயினும் கண்ணாடிக்கு அப்பால் அம்முதியவரின் முகத்தைக் காட்டியதன் வழியாக, கொள்ளையரல்லாத ஒருவரின் சாவையும் உணர்த்தும் ஆற்றல் தனக்கு உண்டு என்பதைப் படமே நிரூபித்துவிட்டது. ஆகவே வெளியிலிருந்து கொணர்ந்த ஓர் ஒழுக்க அளவுகோலால் நாம் இங்கு அளக்கவில்லை. படம் தானே தந்த அளவுகோலால் அளக்கின்றோம். அவ்வளவையில் அதன் பிற்பகுதி குறைந்தே நிற்கின்றது. அழகு எவருக்கு வழங்கப்பட்டதோ அவருக்கே இரக்கமும் வழங்கப்பட்டது. பாணியும் அறமும் பிரிந்து நிற்பன என்போருக்கு இதுவே மறுப்பாகும். எந்தச் சாவை மெல்லசைவில் காட்டுவது, எதனை ஓர் ஓசையோடு முடிப்பது என்ற தொழில்நுட்பத் தெரிவு அறத்தைப் பற்றிய தெரிவாகவும் அமைந்துவிடுகின்றது.

இந்நோக்கிற் குறௌதர் ஒரு குறையை மங்கலாக உணர்ந்திருந்தார் எனலாம். ஆனால் அதனை அவர் தவறான இடத்திலே தேடினார். குறை சிரிப்பில் இல்லை. சிரிப்பு இருந்த இடத்திலேதான் படம் மிக நேர்மையாக இருந்தது. குறை இறுதிக் கண்ணீரில் இருந்தது. கேலோ சிரிப்பின் நேர்மையைச் சரியாகக் கண்டார். கண்ணீரின் ஓரவஞ்சனையைப் போதிய அளவு வினவவில்லை. ஒருவர் தீர்ப்பை முழுமையாக ஏற்பதற்கு மற்றவரைச் சரித்திரத்தின் குப்பைக்கூடையில் இடுதல் வேண்டும் என்பதில்லை.

பின்னர் வந்தவையும் நாமும்

இப்படத்தின் வழியில் வந்த படங்கள் பல. சாம் பெக்கின்பாவின் 'வைல்ட் பஞ்ச்' (1969) மெல்லசைவுச் சாவை இன்னும் விரித்தது. 'கோட்ஃபாதர்' (1972) படத்திற் சுங்கச் சாவடியில் சொனி வீழ்வது கிளைட்டின் முடிவை நினைவூட்டும். குவென்ரின் ரறன்ரீனோவின் 'பல்ப் பிக்ஷன்' (1994) சிரிப்பையும் தற்செயற் கொலையையும் ஒரே வண்டியுள் வைத்து, கான் விழாவின் உயர்விருதைப் பெற்றது. அங்கே ஓர் இளைஞனின் தலை சிதறியபின் எழும் பிரச்சினை, வண்டியை எவ்வாறு கழுவுவது என்பதாக இருக்கின்றது. வங்கி முதியவரின் முகத்தில் நின்றுபோன சிரிப்பு, இங்கே நிற்காமற் செல்கின்றது. சாவைக் கழுவவேண்டிய கறையாகக் காணும் மாந்தரை அப்படம் எள்ளுகின்றது என்போரும் உளர். அவரோடு சேர்ந்து நம்மையும் பழக்கிவிடுகின்றது என்போரும் உளர். 1967 இன் விவாதம் முடியவில்லை. வேறு பெயர்களோடு தொடர்கின்றது.

நம் மாணவரிடையே குற்றப் படங்கள் பற்றி எழும் உரையாடல்களிலும் இவ்விரு அணிகளையே காணலாம். ஒரு காட்சியின் ஒளியமைப்பையும் இசையையும் பாராட்டிவிட்டு எழுவோரும், 'சமுதாயம் கெட்டுவிடும்' எனக் கூறிவிட்டு எழுவோரும் ஒரே வகையிற் படத்தை விட்டு ஓடுகின்றனர். முன்னையவர் தாம் எதனை உணர்ந்தனர் என்பதைச் சொல்வதில்லை. பின்னையவர் தாம் எதனைக் கண்டனர் என்பதைச் சொல்வதில்லை. வன்முறையைச் செய்தியாகவும் அனுபவமாகவும் அறிந்த நாட்டிலே வாழும் நமக்கு இவ்விரு மௌனங்களும் தகா. திரையில் ஒருவர் வீழும்போது நாம் சிரித்தோமா, வியந்தோமா, அழுதோமா என்பதை முதலில் ஒளிவின்றிக் கூறுதல் வேண்டும். அவ்வுணர்ச்சியை நம்மில் எழுப்பிய காட்சியமைப்பு யாது என்பதைப் பின்னர் ஆராய்தல் வேண்டும். அதே அமைப்பு எவருடைய சாவை நம் கண்ணிற் படாமல் நகர்த்திவிட்டது என்பதை இறுதியாகக் கேட்டல் வேண்டும். இம்மூன்றாம் வினாவைக் கேளாத பாராட்டும் கண்டனமும் அரைகுறையானவையே.

'பொனி அன்ட் கிளைட்' 1992 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தினாற் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களுள் ஒன்றாகத் தெரிவுசெய்யப்பட்டது. அது அத்தகுதி உடையதே. சிரித்த பார்வையாளனைத் தன் சிரிப்புக்குப் பொறுப்பாக்கிய படம் அது. அப்பொறுப்பை ஏற்ற பார்வையாளன், படம் காட்டாது விட்ட கிரேப்வைன் சாலையையும் நோக்குதல் வேண்டும். அங்கு வீழ்ந்த இருவருக்கும் மெல்லசைவும் இல்லை, பாடலும் இல்லை. அவர்களையும் எண்ணிக்கையிற் சேர்த்துக்கொண்டு கூறப்படும் கருத்தே இப்படத்தைப் பற்றிய முழுமையான கருத்தாக அமையும்.